செல்லுக்கு இரண்டு சாட்சிகள்

பதினோராம் வகுப்பில் உயிரியல் படித்தவர்களுக்கு ‘மீசோசோம்’ என்ற பெயர் நினைவிருக்கலாம். பாக்டீரியாவின் செல் சவ்வு உள்பக்கமாக மடிந்து, சுருண்டு கிடக்கும் ஒரு சிறு பை. சுவாசத்துக்கு உதவுகிறது, செல் இரண்டாகப் பிரியும்போது உதவுகிறது என்று பாடத்தில் வரும். படம் வரைந்து பாகம் குறிக்கும் கேள்வியிலும் வரும். 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் அதைக் கண்டார்கள். வேறு ஊர்களில், வேறு கருவிகளில் பார்த்தவர்களும் கண்டார்கள். படங்களும் தெளிவாகவே இருந்தன. ஆனால் நலமாக வாழ்ந்துகொண்டிருக்கும் பாக்டீரியாவுக்குள் அப்படியொரு பை கிடையாது. பார்ப்பதற்காக நாம் செய்த பக்குவத்தில் விழுந்த மடிப்பு அது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1898இல் இத்தாலியின் பாவியா நகரில் கமில்லோ கோல்ஜி என்ற மருத்துவ அறிஞர், ஆந்தையின் மூளையிலிருந்து எடுத்த நரம்புச் செல்களில் வெள்ளி உப்பை ஏற்றி, ஒளி நுண்ணோக்கியில் பார்த்தார். செல்லுக்குள் கறுப்பு வலைப்பின்னல் ஒன்று தெரிந்தது. ‘அது செல்லின் உறுப்பு அல்ல, வெள்ளி படிந்த கறை’ என்று பலர் மறுத்தார்கள். அந்த வழக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. கடைசியில் கோல்ஜி கண்டது உண்மை என்று தீர்ப்பானது. நம் பாடநூல்கள் கோல்கை உடலம் என்று எழுதுவது அதைத்தான்.

மங்கலாகப் பார்க்கும் கருவி உண்மை சொன்னது. அதைவிட ஆயிரம் மடங்கு கூர்மையான கருவி இல்லாததைக் காட்டியது. இந்த முரண் விளங்க வேண்டுமானால், இரண்டு கருவிகளும் எப்படிப் பார்க்கின்றன, பார்ப்பதற்குக் கூலியாகச் செல்லிடம் எதைக் கேட்கின்றன என்று தெரிய வேண்டும்.

பெரிதாக்குவது வேறு, பிரித்துக் காட்டுவது வேறு

பாஸ்போர்ட் அளவுப் படத்தைக் கொடுத்து இருபதடி ஃபிளெக்ஸ் பேனர் கேட்டால் கடைக்காரர் அடித்துத் தந்துவிடுவார். முகம் பெரிதாகும். ஆனால் சின்னப் படத்தில் பதியாத மச்சம் பெரிய பேனரிலும் வராது. நுண்ணோக்கியிலும் இதே கதைதான். எத்தனை மடங்கு பெரிதாக்குகிறது என்பது உருப்பெருக்கம். எவ்வளவு நெருங்கிய இரண்டு புள்ளிகளை இரண்டாகவே காட்டுகிறது என்பது பகுதிறன். ராத்திரியில் நேர்ச்சாலையில் வெகு தொலைவில் வரும் பஸ்ஸின் முன்விளக்குகள் இரண்டும் ஒரே வெளிச்சமாகத் தெரியும். பஸ் நெருங்கி வரும்போது ஓர் இடத்தில் ஒன்று இரண்டாகும். அப்படி இரண்டாக்கும் திறன்தான் பகுதிறன். கையில் பிடித்துப் பார்க்கும் தூரத்தில் நம் கண்ணின் பகுதிறன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். அதைவிட நெருங்கிய புள்ளிகள் நமக்கு ஒரே புள்ளி.

கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் ஒளி நுண்ணோக்கியின் அமைப்பு எளிது. கீழிருந்து வரும் வெளிச்சம் ஸ்லைடில் இருக்கும் பொருளைக் கடந்து மேலே வருகிறது. பொருளருகு லென்ஸ் ஒரு பெரிய பிம்பத்தை உண்டாக்குகிறது. கண்ணருகு லென்ஸ் அந்தப் பிம்பத்தை இன்னொரு முறை பெரிதாக்குகிறது. முதலாவது 40, இரண்டாவது 10 என்றால் மொத்தம் 400 மடங்கு. அப்படியானால் இன்னும் வலிமையான லென்ஸ்களை அடுக்கி பத்தாயிரம், லட்சம் என்று போகலாமே? லென்ஸ் செய்பவர்கள் நெடுங்காலம் அப்படித்தான் நம்பினார்கள்.

1873இல் ஜெர்மனியின் யேனா நகரத்து எர்ன்ஸ்ட் ஆபே அந்த நம்பிக்கைக்கு எல்லை கட்டினார். கார்ல் சைஸின் நுண்ணோக்கிப் பட்டறையோடு சேர்ந்து உழைத்த இயற்பியலாளர் அவர். குறை லென்ஸில் இல்லை, ஒளியிலேயே இருக்கிறது என்றார். கடலில் நட்ட மெல்லிய கம்பை அலை சட்டை செய்வதில்லை. கம்பைச் சுற்றிக்கொண்டு, அடுத்த கணமே ஒன்றும் நடக்காததுபோலக் கரைக்கு வந்துவிடும். நீண்ட தூண்டில் வளைவு என்றால் கதை வேறு. அதன் மறுபக்கத்தில் அலை அடங்கிக் கிடக்கும். அதைப் பார்த்தே இங்கே ஒரு தடுப்பு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அலையை விடச் சின்னப் பொருளின் உருவத்தை அந்த அலை சுமந்து வராது. ஒளியும் அலைதான். பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 550 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்.

ஆபேயின் கணக்குப்படி, பகுதிறனை நிர்ணயிப்பவை இரண்டு: ஒளியின் அலைநீளம், பொருளிலிருந்து சாய்வாகச் சிதறும் கதிர்களை லென்ஸ் எவ்வளவு வாரிக்கொள்கிறது என்ற அளவு. கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வரும்போது மிகச் சாய்ந்த கதிர்கள் தப்பிப் போய்விடுகின்றன. அதனால்தான் 100 மடங்கு லென்ஸைப் போடும்போது ஆய்வகத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறார்கள். அந்த எண்ணெயின் ஒளிவிலகல் எண்ணும் கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணும் ஏறக்குறைய ஒன்று. கதிருக்குக் கண்ணாடி முடிந்ததே தெரியாமல் போகிறது. இத்தனையும் செய்த பிறகு கிடைக்கும் எல்லை சுமார் 200 நானோமீட்டர். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு மடங்குக்கு மேல் பெரிதாக்கினால் கிடைப்பது ஃபிளெக்ஸ் பேனர்தான்.

இருநூறுக்கு இந்தப் பக்கம்

இருநூறு நானோமீட்டர் என்ற வேலிக்கு இந்தப் பக்கம் இருப்பவை கொஞ்சமல்ல. ரத்தச் சிவப்பணு 7,000 நானோமீட்டருக்கு மேல். குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவின் நீளம் 2,000. செல்லின் உட்கரு, பிரியும்போது தெரியும் குரோமோசோம்கள், சிவப்பணுவுக்குள் குடியேறிய மலேரியா ஒட்டுண்ணி எல்லாம் ஒளி நுண்ணோக்கிக்கு எட்டுபவை. 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாவின் தடயத்தைக் கண்டது இப்படியொரு கருவியில்தான். வியர்வையில் அதன் திருகுகள் துருப்பிடித்திருந்தன. கண்ணருகு லென்ஸில் விரிசல் விழுந்திருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது. இன்றும் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ரத்தத் துளியை ஸ்லைடில் தேய்த்து, சாயமேற்றி, எண்ணெய் விட்டுப் பார்ப்பவர் அதே பாதையில்தான் போகிறார்.

வேலிக்கு அந்தப் பக்கம் வைரஸ்கள் இருந்தன. வெறிநாய்க் கடிக்குத் தடுப்பு மருந்து கண்ட லூயி பாஸ்டர் அந்த நோயின் கிருமியைத் தன் நுண்ணோக்கியில் தேடிக் கடைசிவரை காணவில்லை. புரதம் கட்டும் ரைபோசோம் 20 முதல் 30 நானோமீட்டர். செல் சவ்வின் தடிமன் பத்துக்கும் குறைவு. செல்லுக்கு எல்லை போடும் சவ்வையே ஒளி நுண்ணோக்கியில் யாரும் நேராகப் பார்த்ததில்லை. ஓர் ஓரம் தெரியும், அவ்வளவுதான்.

எலக்ட்ரானும் அலைதான்

1924இல் பிரான்சின் லூயி தெ பிராய் ஒரு விநோதமான கருத்தை முன்வைத்தார்: எலக்ட்ரான் போன்ற துகளுக்கும் அலைநீளம் உண்டு, வேகம் கூடக் கூட அலைநீளம் குறையும். ஒரு லட்சம் வோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரானின் அலைநீளம் 0.0037 நானோமீட்டர். பச்சை ஒளியை விட ஏறக்குறைய ஒன்றரை லட்சம் மடங்கு சிறியது. 1926இல் ஹான்ஸ் புஷ், வட்டக் கம்பிச்சுருளின் காந்தப்புலம் எலக்ட்ரான் கற்றையை லென்ஸ் ஒளியைக் குவிப்பதுபோலக் குவிக்கும் என்று காட்டினார்.

பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியில் மாக்ஸ் நோலும் அவரிடம் படித்த எர்ன்ஸ்ட் ருஸ்காவும் 1931இல் இரண்டு சுருள்களை அடுக்கி முதல் கருவியைக் கட்டினார்கள். அது பெரிதாக்கியது பதினேழு மடங்குக்குப் பக்கம். நகைக்கடை உருப்பெருக்கியை விடச் சற்றே மேல். இரண்டே ஆண்டில் ருஸ்கா கட்டிய அடுத்த கருவி 12,000 மடங்கைத் தொட்டு ஒளி நுண்ணோக்கியைத் தாண்டியது. ‘உயிர்ப் பொருளை வைத்தால் எலக்ட்ரான் கற்றையில் கருகித்தான் போகும்’ என்று பலர் சொன்னார்கள். ருஸ்காவின் தம்பி ஹெல்முட் மருத்துவர். நம்பி வைத்துப் பார்த்தவர்களில் அவர் முக்கியமானவர். 1939இல் புகையிலைத் தேமல் வைரஸ் குச்சி குச்சியாகப் படத்தில் விழுந்தது. ருஸ்காவுக்கு நோபல் பரிசு வந்தது 1986இல், அவருடைய எண்பதாவது வயதில்.

அலைநீளம் ஒன்றரை லட்சம் மடங்கு குறைந்தால் பகுதிறனும் அத்தனை மடங்கு கூட வேண்டும். கூடவில்லை, ஆயிரம் மடங்கு அளவில் நின்றது. காந்த லென்ஸின் ஓரத்தில் போகும் கதிர்களும் நடுவில் போகும் கதிர்களும் ஒரே இடத்தில் குவிவதில்லை. அதனால் லென்ஸின் நடுவில் ஊசித்துளை போன்ற வழியை மட்டும் திறந்து வைக்க வேண்டியிருக்கிறது. இருந்தும் 0.2 நானோமீட்டர் வரை போகலாம். அணுக்களுக்கு இடையிலான தூரம் அது.

இதுவரை சொன்னது ஊடுருவும் வகை; கற்றை மெல்லிய துண்டைத் துளைத்துக்கொண்டு போய்த் திரையில் நிழலை வீழ்த்துகிறது. எறும்பின் முகத்தையும் மகரந்தத் தூளின் முட்களையும் முப்பரிமாணம்போலக் காட்டும் படங்கள் இன்னொரு வகையில், அலகிடும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்தவை. அதில் கற்றை, மேற்பரப்பை வரி வரியாகத் தடவிப்போகும். அங்கிருந்து தெறிக்கும் எலக்ட்ரான்களை எண்ணிப் படமாக்குவார்கள். மின்சாரம் தேங்காமலிருக்கப் பொருளுக்குத் தங்கமுலாம் பூசுவது வழக்கம்.

செல் கொடுக்கும் விலை

இனி கூலிக் கணக்கு. காற்று மூலக்கூறில் மோதினாலே எலக்ட்ரான் வழிதவறும். ஆகவே கருவிக்குள் வெற்றிடம் வேண்டும். வெற்றிடத்தில் தண்ணீர் உடனே ஆவியாகும். செல்லின் பெரும்பகுதி தண்ணீர். ஆக, உயிரோடு உள்ளே போக வழியில்லை.

எனவே முதலில் குளுட்டரால்டிஹைடில் ஊறவைத்துப் புரதங்களை ஒன்றோடொன்று பிணைக்கிறார்கள். ஆஸ்மியம் டெட்ராக்சைடில் கொழுப்பை இறுக்குகிறார்கள். ஆல்கஹாலில் படிப்படியாகத் தண்ணீரை வெளியேற்றுகிறார்கள். ரெசினை ஊற்றிக் கட்டியாக்குகிறார்கள். வைரக் கத்தியால் 50 முதல் 100 நானோமீட்டர் தடிமனில் சீவுகிறார்கள். மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள செப்பு வலையில் அந்தச் சீவலை ஏந்தி, யுரேனியம், ஈய உப்புகளில் தோய்க்கிறார்கள். கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் எல்லாம் லேசான அணுக்கள். எலக்ட்ரானை அவ்வளவாகச் சிதறடிப்பதில்லை. கனமான உலோகம் எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் படம் கறுக்கிறது. கோல்ஜியின் வெள்ளிக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. நாம் பார்ப்பது உலோகம் படிந்த வரைபடம். அதிலிருந்து செல்லை ஊகிக்கிறோம்.

படம் கறுப்பு வெள்ளைதான். நிறம் என்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியின் குணம். எலக்ட்ரானுக்கு அது கிடையாது. கொரோனா வைரஸைச் சிவப்பாகவும் பச்சையாகவும் பத்திரிகைகளில் பார்த்தோமே, அது கணினியில் பின்னர் தீட்டிய நிறம். 2020 மார்ச்சில் புனே தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனத்தார் வெளியிட்ட படம் சாம்பல் நிறத்தில் இருந்தது. சுற்றிலும் கிரீடம்போல நிற்கும் முட்களை வைத்தே அடையாளம் கண்டார்கள். அந்தக் கிரீடத்தை 1960களில் லண்டனில் முதலில் படம்பிடித்தவர் ஜூன் அல்மெய்டா.

சீவலில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் சக்கரம். நெடுக்கே வகுந்தால் நீளப்பட்டை. காயையே பார்த்திராதவர் வட்டிலில் இருப்பதைப் பார்த்து இரண்டு காய்கள் என்று நினைத்துக்கொள்ளக்கூடும். 15,000 நானோமீட்டர் அகலமுள்ள செல்லிலிருந்து 60 நானோமீட்டர் சீவல் ஒன்றை எடுத்தால் நாம் பார்ப்பது 250இல் ஒரு பங்கு. மைட்டோகாண்ட்ரியாவை அவரை விதை வடிவில் வரைந்து பழகிவிட்டோம். உயிருள்ள செல்லை ஒளி நுண்ணோக்கியில் பார்த்தால் பல செல்களில் அவை நூல்களாக நீண்டு, ஒன்றோடொன்று இணைந்து, மறுபடி அறுந்து, ஓயாமல் நெளிந்துகொண்டிருக்கின்றன. 1898இல் கார்ல் பென்டா அவற்றுக்கு வைத்த பெயரே கிரேக்கத்தில் நூலையும் மணியையும் குறிக்கும் இரண்டு சொற்களின் சேர்க்கை. ஆனால் அந்த நூலுக்குள் சவ்வு மடிப்பு மடிப்பாக அடுக்கியிருப்பதை ஒளி காட்டியதில்லை. அதற்கு 1950களில் எலக்ட்ரான் வர வேண்டியிருந்தது.

தீர்ப்புகள்

கோல்ஜியின் வழக்குக்கு வருவோம். 1949இல் அந்த வலைப்பின்னல் வெறும் பக்குவக் கோளாறு என்று எழுதியவர்களில் நியூயார்க் ராக்பெல்லர் நிறுவனத்தின் ஜார்ஜ் பலாடேயும் ஆல்பர்ட் கிளாடும் இருந்தார்கள். 1954 வாக்கில் எலக்ட்ரான் நுண்ணோக்கி, தட்டையான பைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதைக் காட்டியது. வெள்ளி ஏற்றாத செல்களிலும் அந்த அடுக்கு இருந்தது. பலாடே கருத்தை மாற்றிக்கொண்டார். செல் தயாரிக்கும் புரதம் அந்தப் பைகளின் வழியாகத்தான் வெளியே போகிறது என்பதைப் பின்னாளில் நிறுவியவர்களில் முதன்மையானவரும் அவரே. 1974இல் கிளாடுக்கும் பலாடேவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சிறுநீரக மருத்துவத்தில் இதுபோன்ற வழக்கு தினமும் நடக்கிறது. குழந்தைகளுக்கு உடம்பு வீங்கி, சிறுநீரில் புரதம் கொட்டும் நெஃப்ரோட்டிக் நோய்க்குப் பெரும்பாலும் காரணமாயிருப்பதன் பெயர் ‘மிகச் சிறு மாற்ற நோய்’. திசுவை ஒளி நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். அதனால் வந்த பெயர். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் வடிகட்டும் செல்களின் விரல் போன்ற பாதங்கள் தட்டையாகிக் கிடப்பது தெரியும். மாற்றம் சிறியது அல்ல. அதைத் தேடிய கருவியின் கண்தான் எட்டவில்லை.

மீசோசோமின் வழக்கில் தீர்ப்பைக் கொண்டுவந்தது குளிர். தண்ணீரை மெல்ல உறையவைத்தால் பனிப்படிகம் வளர்ந்து செல்லைக் கிழிக்கும். படிகம் கட்ட நேரமே கொடுக்காமல் கணப்பொழுதில் குளிரவைத்தால் தண்ணீர் கண்ணாடிபோல இறுகிவிடும். 1980களின் தொடக்கத்தில் ஹைடல்பெர்கில் ஜாக் டூபோஷே குழு இதைச் சாதித்தது. மெல்லிய நீர்ப்படலத்தைப் பூஜ்யத்துக்குக் கீழே 180 டிகிரியை ஒட்டிய திரவ ஈத்தேனில் சட்டென்று முக்குவது அதன் வழி. மருந்தும் இல்லை, உலோகமும் இல்லை. இருந்தபடியே நின்றுபோன செல். அந்த முறையில் பார்த்த பாக்டீரியாவில் மீசோசோம் இல்லை. ஆஸ்மியத்தில் பக்குவப்படுத்தியதும் தோன்றியது. இருபது, இருபத்தைந்து வருடம் ஆராய்ந்தது தாங்களே உண்டாக்கிய மடிப்பை என்பது அப்போது உறுதியானது.

டூபோஷேயின் குளிர்முறை, ஜோக்கிம் ஃபிராங்க் வகுத்த கணிதம், ரிச்சர்ட் ஹெண்டர்சனின் விடாமுயற்சி ஆகிய மூன்றுக்கும் 2017இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. உறைந்த மூலக்கூறையும் கற்றை சிதைத்துவிடும். ஆகவே மிகக் குறைந்த எலக்ட்ரான்களால் லட்சக்கணக்கான மங்கல் படங்களை எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தித் தெளிவாக்குகிறார்கள். 2020 பிப்ரவரியில் கொரோனா வைரஸ் முள் புரதத்தின் வடிவம் 0.35 நானோமீட்டர் நுணுக்கத்தில் வெளிவந்தது இந்த வழியில்தான்.

ஒளியின் மறுவரவு

இதற்கிடையில் ஒளி நுண்ணோக்கி ஓய்ந்து உட்கார்ந்துவிடவில்லை. உயிருள்ள செல் கண்ணாடிபோலத் தெளிவானது. சாயம் போட்டால் பெரும்பாலும் சாகும். சாயமில்லாமலேயே பார்க்க, செல்லைக் கடக்கும் ஒளியலை சற்றுத் தாமதிப்பதை வெளிச்ச வேறுபாடாக மாற்றினார் நெதர்லாந்தின் ஃப்ரிட்ஸ் செர்னிக்கே. 1953இன் நோபல் அதற்கானது. பின்னர் ஒரு ஜெல்லி மீனிலிருந்து எடுத்த பச்சை ஒளிர்வுப் புரதம் வந்தது. அதன் மரபணுவை நாம் பார்க்க விரும்பும் புரதத்தின் மரபணுவோடு தைத்துவிட்டால், செல்லே விளக்கேற்றிக்கொண்டு நடமாடும்.

ஆபேயின் வேலியையும் தாண்டினார்கள். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் பத்து விளக்குகள் ஒன்றாக எரிந்தால் ஒரே வெளிச்சம். ஒவ்வொன்றாக எரியவிட்டால் ஒவ்வொன்றின் நடுவையும் துல்லியமாகக் குறித்துக்கொள்ளலாம். இந்த உத்தியையும், ஒரு விளக்கைச் சுற்றி இருப்பவற்றை லேசரால் அணைக்கும் உத்தியையும் உருவாக்கிய எரிக் பெட்சிக், வில்லியம் மோர்னர், ஸ்டெஃபான் ஹெல் மூவரும் 2014இல் நோபல் பெற்றார்கள். இருநூறு என்ற எல்லை இருபது, முப்பது நானோமீட்டராகச் சுருங்கியது. ஆனால் இதிலும் தெரிவது விளக்கு மாட்டியவை மட்டுமே. மாட்டாதவை இருட்டில்தான் கிடக்கும். வெளிச்சத்துக்கும் ஒரு கூலி உண்டு: கடும் லேசரில் செல் களைத்து வாடும், விளக்குகளும் மங்கும்.

நீதிமன்றத்தில் ஒரே வீட்டார் பத்துப் பேர் வந்து ஒரே மாதிரி சொன்னாலும் அது ஒரு சாட்சிதான். மீசோசோமைப் பல ஆய்வகங்கள் கண்டது அப்படி. எல்லோரும் ஒரே பக்குவத்தைச் செய்திருந்தார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொல்லும்போதுதான் வழக்கு உறுதிப்படுகிறது. இன்றைய ஆய்வகங்களில் ஒரே செல்லை இரண்டு கருவிகளிலும் பார்க்கும் முறை பரவிவருகிறது. உயிருள்ள செல்லை ஒளியில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒளிரும் புள்ளி ஒன்று சவ்வை நெருங்கும் தருணத்தில் செல்லை உறையவைத்து, அதே புள்ளியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தேடிப் பிடிப்பார்கள். எது, எப்போது நகர்ந்தது என்று ஒளி சொல்லும். அது நின்ற இடத்தின் சுவரும் வாசலும் எப்படி இருந்தன என்று எலக்ட்ரான் சொல்லும்.

மீசோசோம் படத்தை இனி எந்தப் புத்தகத்திலாவது பார்க்கும் மாணவர், பாகம் குறிப்பதற்கு முன் ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: “இந்தப் படத்தை எடுப்பதற்கு முன் அந்தப் பாக்டீரியாவை என்ன செய்தார்கள், ஐயா?”